உயிரியல் பூங்காவுக்கு உயிரியலாளர் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சில நாள்களுக்கு முன் வெளிவந்த கடிதம் ஒன்றைப் படித்தேன். உயிரியல் பூங்காக்களில் நோய்க்கு மருத்துவம் பார்க்கக் கால்நடை மருத்துவர் இருக்கிறார், தீனி வைக்கவும் கூண்டைச் சுத்தம் செய்யவும் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள், இவர்களுக்கு நடுவில் உயிரியலாளர் என்று ஒருவருக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து ஏன் சம்பளம் தர வேண்டும் என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். தாம் குடும்பத்தோடு சென்றிருந்தபோது சிங்கம் நண்பகல் முழுவதும் தூங்கிக்கொண்டே இருந்ததாகவும், கரடி ஒரே தடத்தில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்ததாகவும், இவற்றை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் குறை சொல்லும் நோக்கத்தைவிட விலங்குகள் மீதான அக்கறையே மிகுந்திருந்தது. ஆகவே, பொது உயிரியல் பூங்கா ஒன்றில் 19 ஆண்டுகளாக விலங்குப் பராமரிப்பு உயிரியலாளராகப் பணியாற்றி வரும் நான் அவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருப்பதாக உணர்கிறேன்.

நோயுற்ற விலங்கை மருத்துவரிடம் கொண்டு செல்கிறோம். ஆனால் அது நோயுற்றிருக்கிறது என்பதை முதலில் யார் அறிவது? காட்டு விலங்குகள் தம் நோவை வெளியே காட்டிக்கொள்வதில்லை. கூட்டத்தில் தளர்ந்து நிற்பதைத்தான் வேட்டை விலங்கு முதலில் குறிவைக்கும் என்பதால், கால் வலித்தாலும் வயிறு வலித்தாலும் மற்றவற்றைப் போலவே நிற்கவும் நடக்கவும் அவை பழகியிருக்கின்றன. பார்வையாளர் கண்ணுக்கே ஒரு மான் நோயாளியாகத் தெரிகிறது என்றால், பெரும்பாலும் நாங்கள் பல நாள்களைத் தவறவிட்டுவிட்டோம் என்று பொருள். அந்த நாள்களைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே உயிரியலாளர் வேண்டியிருக்கிறார். ஒவ்வொரு விலங்கும் நலமாக இருக்கும் காலத்தில் எப்படி உண்கிறது, எங்கே படுக்கிறது, யாரோடு ஒட்டி நிற்கிறது, எந்த நேரத்தில் எழுந்திருக்கிறது என்பதை எல்லாம் எழுதி வைத்திருந்தால்தான், அதில் ஏற்படும் சிறு மாறுதல் நம் கண்ணில் படும்.

என் பூங்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் இருந்த வரிக்குதிரைக் கூட்டத்தில் வயதான பெண் குதிரை ஒன்று உண்டு. மாலையில் இரவுக் கூடத்தின் கதவைத் திறந்தால், தலைமைக் குதிரைக்கு அடுத்ததாக எப்போதும் அதுதான் உள்ளே வரும். ஒருநாள் காலைச் சுற்றில் அதன் பராமரிப்பாளர் என்னிடம், “மேடம், இவ மூணு நாளாக் கடைசியாத்தான் உள்ளே வர்றா, சண்டை ஒண்ணும் இல்ல” என்றார். தீனி மீதமிருக்கவில்லை, சாணம் இயல்பாக இருந்தது, நடையிலும் குறை தெரியவில்லை. அன்று முற்பகல் முழுவதும் தீனித் தொட்டிக்கு எதிரே நின்றேன். குதிரை புல்லை வாயில் எடுத்தது, மென்றது, சற்று நேரம் தாடையை நிறுத்தியது, பிறகு தலையைத் தாழ்த்தியது. அது நகர்ந்து சென்ற பிறகு அங்கே போய்ப் பார்த்தால், எச்சிலில் நனைந்து பாதி மென்று துப்பப்பட்ட புல் உருண்டைகள் விரல் நீளத்தில் நான்கைந்து கிடந்தன. மற்ற குதிரைகள் அவற்றின் மேல் மிதித்து நடந்ததால் அதுவரை எவர் கண்ணிலும் அவை படவில்லை. கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறது என்பதை மருத்துவர் மறுநாள் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்து உறுதி செய்தார். பல்லை அராவிச் சரிசெய்த பத்தாம் நாள் அது மீண்டும் இரண்டாவதாக உள்ளே வந்தது. இன்னும் இரண்டு வாரம் கழிந்திருந்தால் உடல் மெலிந்திருக்கும். மெலிந்த, வயதான குதிரைக்கு மயக்க மருந்து கொடுப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல். இதில் முதற்பெருமை, அந்த வரிசையை நினைவில் வைத்திருந்த பராமரிப்பாளருக்கே உரியது. அவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதற்காக ஒரு முற்பகலை ஒதுக்க ஒருவர் இருந்தார் என்பதே என் பங்கு.

இப்போது சிங்கத்தையும் கரடியையும் பற்றிச் சொல்லலாம். சிங்கம் காட்டிலும் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கக்கூடிய விலங்கு. அது நண்பகலில் தூங்கிக்கொண்டிருந்ததில் கவலைப்பட ஏதுமில்லை. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவிலும் அச்சமின்றிப் படுத்து உறங்கியது என்றால், அது நல்ல செய்தி என்றே கொள்ளலாம். கரடி பற்றி வாசகர் எழுதியது அப்படித் தள்ளிவிடக் கூடியதன்று. ஒரே தடத்தில், ஒரே இடத்தில் திரும்பி, பயன் ஏதும் இன்றித் திரும்பத் திரும்ப நடப்பதை அடைபட்ட வாழ்வின் கேடாகவே எங்கள் துறை கருதுகிறது. அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

ஆனால் ‘நடந்துகொண்டே இருக்கிறது’ என்பது ஒரு தொடக்கமே தவிர, அதை வைத்துக்கொண்டு எதையும் மாற்றிவிட முடியாது. எந்த நேரத்தில் நடக்கிறது, எவ்வளவு நேரம் நடக்கிறது, எதற்கு முன்னால் தொடங்கி எதற்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிய வேண்டும். விலங்குகளின் நடத்தையை எப்படிப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதை, பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974இல் வெளியிட்ட கட்டுரை ஒழுங்குபடுத்தித் தந்தது. கண்ணைக் கவரும் நிகழ்ச்சிகளை மட்டும் எழுதினால் உண்மை திரிந்துவிடும். ஆகவே முன்பே முடிவு செய்த இடைவெளியில், அந்த நொடியில் விலங்கு என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும் என்பது அதில் கூறப்படும் முறைகளுள் ஒன்று. நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பது, கரடியைப் பார்ப்பது, கட்டத்தில் ஒரு குறி இடுவது என்று மழையிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் நிற்கிறோம். சோர்வூட்டும் வேலை என்று பலர் நினைக்கலாம். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

எங்கள் பூங்காவிலும் ஒரு கரடி அவ்வாறு நடந்துகொண்டிருந்தது. ஆறு வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நடை நாள் முழுவதும் ஒரே அளவில் இல்லை என்பது தெரிந்தது. மாலைத் தீனிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அது உச்சத்துக்குப் போயிற்று. அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், பராமரிப்பாளரின் சாவிக்கொத்துச் சத்தம் பின்புறத்தில் கேட்டவுடன் திருப்பங்கள் விரைவாயின. ஒரே நேரம், ஒரே கதவு, ஒரே தொட்டி என்று நாங்கள்தான் கரடிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் செய்திருந்தோம். அதன் பிறகு தீனியைப் பல பங்காகப் பிரித்து, நேரத்தை மாற்றி மாற்றி, மரத்தடியிலும் கல்லிடுக்கிலும் சருகுக்கு அடியிலும் ஒளித்து வைக்கத் தொடங்கினோம். கரடி மோப்பம் பிடித்துத் தேடியும் தோண்டியும் கல்லைப் புரட்டியும் உண்ணத் தொடங்கியது. நடை வெகுவாகக் குறைந்தது என்றாலும், முற்றிலும் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். நீண்ட காலம் வேரூன்றிய பழக்கம் சூழல் மாறிய பிறகும் ஓரளவு எஞ்சி நிற்கும். வாசகர் பார்த்த கரடியும் அத்தகைய மீட்சியின் நடுவில் இருந்திருக்கலாம். எவரும் கவனிக்காமல் விடப்பட்டதாகவும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு பார்வையில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பதிவேட்டைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கண்ணால் பார்ப்பது போதாத இடங்களும் உண்டு. விலங்கு உள்ளூர அஞ்சிக்கொண்டிருக்கிறதா என்பதை அதன் சாணத்திலிருந்தே ஓரளவு அறியலாம். உடல் நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) எச்சங்கள் சாணத்தில் வெளியேறுகின்றன. இரத்தம் எடுக்கப் பிடித்தால் அந்தப் பிடிப்பே விலங்குக்கு அச்சமூட்டி அளவைக் கெடுத்துவிடும். சாணத்துக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் ஒரே கூடத்தில் நான்கு விலங்குகள் இருந்தால், எந்தச் சாணம் எதனுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உலகெங்கும் உயிரியல் பூங்காக்களில் கையாளும் எளிய வழி ஒன்றை நாங்களும் பின்பற்றுகிறோம். செரிமானமாகாத, தீங்கற்ற மினுக்குத் துகள்களை ஒவ்வொரு விலங்குக்கும் ஒவ்வொரு நிறத்தில் தீனியில் கலந்து கொடுக்கிறோம். மறுநாள் காலை பச்சை மினுங்குவது மூத்தது, நீலம் மினுங்குவது இளையது என்று பிரித்தெடுத்து, பெயரும் நேரமும் எழுதி உறைபெட்டியில் வைக்கிறோம். என் மேசைக்குப் பக்கத்தில் உள்ள உறைபெட்டி முழுவதும் அந்தப் பொட்டலங்கள்தாம்.

தீனியைப் பற்றியும் இங்கே கூறியாக வேண்டும், ஏனென்றால் பார்வையாளர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். குரங்கு என்றாலே வாழைப்பழம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மனிதர்கள் உண்பதற்காகப் பயிராக்கி வளர்த்த பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை மிகுதி, நார்ச்சத்தும் புரதமும் குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் உயிரியல் பூங்கா தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தி இலையும் காய்கறியுமாக மாற்றியதாக 2014இல் அறிவித்தபோது பலர் வியந்தார்கள். துறையில் இருப்பவர்களுக்கு அதில் வியப்பில்லை. மீன் உண்ணும் கடல் விலங்குகளின் கதை வேறு. உறையவைத்த மீனில் உயிர்ச்சத்து (வைட்டமின்) பி1 குறைந்துபோகிறது, சில வகை மீன்களில் அதை அழிக்கும் நொதியே இருக்கிறது. அந்தச் சத்தைத் தனியே சேர்த்துக் கொடுக்காவிட்டால், வயிறு நிறைய மீன் தின்ற விலங்கு நரம்புக் கோளாறால் விழுந்து இறக்கும். ஊர்வனவற்றுள் பலவற்றுக்குத் தக்க புற ஊதா ஒளி இல்லையென்றால், எவ்வளவு சுண்ணாம்புச்சத்து கொடுத்தாலும் எலும்பு வளைந்துவிடும். பிளமிங்கோவின் இளஞ்சிவப்பு நிறம் அது தின்னும் பாசியிலும் சிறு இறால் வகையிலும் இருந்து வருவது. அந்த நிறமிப் பொருள் தீனியில் இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் பறவை வெளுத்துவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் தீனிப் பட்டியல் எழுதுவதும், எடை பார்த்து அதைத் திருத்துவதும், தொட்டியில் மீந்ததை அளப்பதும் எங்கள் பொறுப்பு.

வாசகர் எழுப்பாத ஒரு கேள்வியையும் நானே எழுப்பிக்கொள்கிறேன், ஏனென்றால் செய்தித்தாள்களில் உயிரியல் பூங்காவின் பெயர் பெரும்பாலும் குட்டி பிறந்த செய்தியோடுதான் வருகிறது. குட்டி பிறப்பது மகிழ்ச்சிதான். எனினும், என் பணியில் கடினமான பகுதி எது இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று முடிவெடுப்பதே. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவைச் சேர்ந்த கேத்தரின் ரால்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையையே திருப்பிப்போட்டது. பூங்காக்களில் வளர்ந்த 16 வகைக் குளம்பு விலங்குகளின் பழைய பதிவேடுகளை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 15 வகைகளில், நெருங்கிய உறவுடைய பெற்றோருக்குப் பிறந்த குட்டிகள் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறந்திருந்தன. பல ஆண்டுகளாகத் தத்தம் பூங்காவுக்குள்ளேயே இணைசேர்த்து, இறந்த குட்டிகளுக்குத் தனித்தனியே காரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்குப் பொதுக் காரணம் ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த உண்மையை வெளிக்கொண்டு வந்தவை, எப்போதோ யாரோ எழுதி வைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகள். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் நாம் இன்னும் அறியாமலே இருந்திருப்போம்.

அதனால்தான் வம்சாவளிப் பதிவேடு என்ற ஒன்றைப் பேணுகிறோம். ஒரு விலங்கின் தாய் தந்தை யார், எங்கே பிறந்தது, எங்கே மாற்றப்பட்டது, எப்போது எதனால் இறந்தது என்ற விவரங்கள் பூங்காக்களுக்கிடையே பகிரப்படுகின்றன. 1974இல் தொடங்கப்பட்டு இன்று ஸ்பீசீஸ்360 என்ற பெயரில் இயங்கும் அமைப்பின் வழியாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இப்பதிவுகளைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மறிமான் 1972இல் காட்டில் அற்றுப்போனது. உயிரியல் பூங்காக்களிலும் தனிச் சேகரிப்புகளிலும் எஞ்சியிருந்தவற்றிலிருந்து கவனமாகப் பெருக்கி, 1982இல் ஓமன் பாலைவனத்தில் மீண்டும் விட்டார்கள். கலிபோர்னியா காண்டர் கழுகு 1987இல் உலகில் மொத்தமே 27 இருந்தபோது, காட்டில் எஞ்சியிருந்ததையும் பிடித்து வந்து, குஞ்சுகள் மனிதரோடு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கழுகின் தலை போன்ற கைப்பாவையைக் கொண்டு இரை ஊட்டி வளர்த்து, 1992 முதல் திரும்ப விட்டார்கள். இத்தகைய வெற்றிகள் எண்ணிக்கையில் சிலவே என்பதையும், பூங்காவில் பிறக்கும் பெரும்பாலான விலங்குகள் ஒருபோதும் காட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்பதையும் மக்களிடம் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஆகவே ஒரு குட்டி பிறப்பதற்கு முன்பே, அது வளர்ந்த பிறகு எந்த இடத்தில், யாரோடு வாழப்போகிறது என்ற விடை எங்கள் கையில் இருக்க வேண்டும். விடை இல்லாவிட்டால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்க வேண்டும், அல்லது கருத்தடை செய்ய வேண்டும். படம் எடுக்கக் குட்டி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்வதும் இந்தப் பணியைச் சேர்ந்ததே.

சில இனங்களை வைத்திருக்கவே கூடாது என்று சொல்வதும் அப்படியே. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், காட்டில் மிகப் பரந்த நிலப்பரப்பில் உலவும் ஊனுண்ணிகளே பூங்காக்களில் கூடுதலாக முன்னும் பின்னும் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளே கூடுதலாக இறக்கின்றன என்று கண்டார்கள். துருவக் கரடிக்குப் பூங்காவில் வழக்கமாகக் கிடைக்கும் இடம், காட்டில் அதன் குறைந்தபட்ச உலவு பரப்பில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அந்த எண்ணைப் படித்த பிறகு, இடத்தை இரண்டு மடங்காக்குவோம் என்று பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாழ்வுக்கு வேண்டியதைத் தர முடியாத இனத்தை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை. அதைச் சான்றுகளோடு எழுதி நிர்வாகத்தின் முன் வைக்க, பூங்காவுக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். வெளியிலிருந்து வரும் எதிர்ப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

பூங்காவின் பதிவேடு விலங்குகளுக்கு மட்டும் பயன்படுவதன்று. 1999ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க்கில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது அமெரிக்காவில் முன்பே அறியப்பட்டிருந்த செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டினார்கள். அதே வேளையில் நகரில் காகங்கள் செத்து விழுந்தன. அந்நகரின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் பிளமிங்கோ உள்ளிட்ட பறவைகள் இறந்தன. இறந்த விலங்குகளைப் பரிசோதித்து நோயைக் கண்டறியும் அந்தப் பூங்காவின் நோய்க்கூற்றியலாளர் டிரேசி மெக்னமாரா, செயின்ட் லூயிஸ் கிருமி பறவைகளைப் பொதுவாகக் கொல்வதில்லை, குதிரைகளைத் தாக்கும் மற்றொரு மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஈமுக்கள் முதலில் விழுந்திருக்கும், அவையோ நலமாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒரே புதிய நோயாக இருக்கக்கூடும் என்று விடாமல் வலியுறுத்தினார். அது வெஸ்ட் நைல் வைரசு என்றும், மேற்கு அரைக்கோளத்தில் அதுவே முதன்முறை என்றும் பின்னர் உறுதியாயிற்று. எவை இறந்தன என்பதோடு எவை நலமாக இருந்தன என்பதையும் அவர் கவனித்தார் என்பதே இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் கவர்வது.

இத்தனையும் சொன்ன நான் என் தவறு ஒன்றையும் சொல்லாவிட்டால் இக்கடிதம் முழுமையாகாது. பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், குரங்குக் கூட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் குரங்கைக் கைப்புண்ணுக்கு மருத்துவம் செய்யப் பிரித்து வைத்திருந்தோம். பன்னிரண்டு நாளில் புண் ஆறிவிட்டது. விடுமுறைக் கூட்டம் வரும் முன் கூட்டத்தை முழுமையாகக் காட்ட வேண்டும் என்று மேலிருந்து வற்புறுத்தினார்கள். கம்பி வலைக்கு இருபுறமும் வைத்துச் சில நாள் ஒன்றையொன்று பார்க்க விட்டுப் பிறகு சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் யாருக்கு யார் பேன் பார்க்கிறார்கள், யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்ற குறிப்புகள் என்னிடம் இல்லை. வேறு அலுவல்கள் இருந்ததால் இரண்டு மாதங்களாக நான் அங்கே நின்று எதையும் எழுதவில்லை. எதைக் காட்டி மறுப்பது என்று தெரியாமல் ஒப்புக்கொண்டேன். கதவைத் திறந்த சில நிமிடத்தில், அது விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண் குரங்குகள் அதன்மேல் பாய்ந்தன. நீர் பீய்ச்சிப் பிரித்தோம். எட்டாம் நாள் அது இறந்துபோயிற்று. என்னிடம் இரண்டு பக்கக் குறிப்பு இருந்திருந்தால், அதிகாரி எவராயினும் அவர் முன் அதை வைத்து ஒரு வாரம் கேட்டிருப்பேன். கொடுத்திருக்கவும் கூடும்.

அன்று ஏன் குறிப்பு இல்லாமல் போயிற்று என்பதே வாசகரின் கேள்விக்கு இன்னொரு பாதி விடை. பல இடங்களில் உயிரியலாளர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. நிரப்பப்பட்ட இடத்திலும் அவர் அறிவிப்புப் பலகை எழுதுகிறார், விருந்தினரைச் சுற்றிக் காட்டுகிறார், கோப்புக்கு விடை எழுதுகிறார், குட்டிக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு ஏற்பாடு செய்கிறார். பள்ளி மாணவர்களோடு பேசுவதை நான் குறை கூறவில்லை, அதை விரும்பியே செய்கிறேன். ஆனால் விலங்கின் எதிரே நின்று பார்க்கும் நேரம் எந்த அறிக்கையிலும் ‘வேலை’ என்று கணக்கிடப்படுவதில்லை. கையில் ஏடோடு இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர் சும்மா நிற்பதாகவே தெரிகிறார். பணிச்சுமை கூடும்போது முதலில் வெட்டப்படுவது அந்த இரண்டு மணி நேரம்தான். வாசகருக்கு ‘யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை’ என்று தோன்றியதற்கு, உண்மையிலேயே அப்போது அங்கே யாரும் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பூங்காவில் குட்டி பிறந்த செய்தியை வெளியிடும்போது, அந்த இனத்தில் அந்த ஆண்டு எத்தனை இறந்தன, எதனால் இறந்தன என்பதையும் கேட்டு வெளியிடுங்கள். இறந்த ஒவ்வொரு விலங்கையும் நாங்கள் அறுத்துப் பரிசோதித்துக் காரணத்தை எழுதி வைக்கிறோம். கேட்டால் தரக் கூடியதே அது. கேட்கப்படாததால் கோப்பிலேயே கிடக்கிறது. இறப்பு எண்ணிக்கையைப் பார்த்தவுடன் பூங்காவைக் குற்றம் சாட்டிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நன்றாகப் பராமரிக்கப்படும் பூங்காவில் விலங்குகள் முதுமையடைகின்றன, முதுமையடைந்தவை இறக்கின்றன. எந்த வயதில், எந்தக் காரணத்தால் என்பதே பார்க்க வேண்டியது.

அந்த வாசகர் தாம் சென்றது எந்தப் பூங்கா என்று எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், அவர் மீண்டும் ஒருமுறை அங்கே போக வேண்டும் என்று விரும்புகிறேன். கூட்டம் இல்லாத ஒரு வேலைநாளில், வாயில் திறந்தவுடன் போய்க் கரடியின் எதிரே அரை மணி நேரம் நின்று, அது எந்த இடத்தில் திரும்புகிறது, எதைக் கேட்டு நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதட்டும். பிறகு நிர்வாக அலுவலகத்துக்குச் சென்று, இங்கே உயிரியலாளர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் விலங்குகளின் எதிரே இருக்கிறார், இந்தக் கரடியின் நடையைப் பற்றிய கடைசிக் குறிப்பு எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று கேட்கட்டும். அத்துடன் தம் தாளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வரட்டும். என் அலுவலகத்தில் அப்படி யாரேனும் ஒரு தாளைக் கொடுத்தால், அன்றைய தேதியிட்டு அதைக் கரடியின் பதிவேட்டில் சேர்த்து வைப்பேன்.

இப்படிக்கு,
பொது உயிரியல் பூங்கா ஒன்றின் விலங்குப் பராமரிப்பு உயிரியலாளர்